வருடத்துக்கு 4 மாதம்தான் கப்பல் ஓடும்: கனடாவின் உறைபனி ஆற்றில் ஒரு சரக்கு நிறுவனம் படும் பாடு

2018-ம் ஆண்டின் இலையுதிர் காலம். கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரத்தில் இருக்கும் பாலடுக், குக்லுக்டுக், கேம்பிரிட்ஜ் பே ஆகிய மூன்று ஊர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கடலில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது, சரக்கு ஏற்றிய பார்ஜ்கள் இந்த வருடம் வராது என்பதுதான் அதன் சாரம்.

கேட்க சாதாரண செய்தி போலத் தெரியும். கப்பல் லேட்டானால் என்ன, அடுத்த வாரம் வந்துவிடாதா? இந்த ஊர்களுக்கு அப்படிக் கிடையாது. இந்த வருடம் வரவில்லை என்றால், அடுத்த கோடையில்தான் வரும். மாதக்கணக்கில் பணம் சேர்த்து ஆர்டர் போட்ட வண்டி, வீடு கட்ட வாங்கிய பலகை, குளிர்காலம் முழுவதும் ஓட வேண்டிய டீசல் என எல்லாமே நடுவழியில் நின்றுவிட்டன.

அந்தப் பார்ஜ்களை இயக்கியது தனியார் கம்பெனி இல்லை; அரசு. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பழைய கப்பல் நிறுவனத்தை அரசு விலைக்கு வாங்கியிருந்தது. அரசு ஏன் போய் நஷ்டத்தில் இருந்த கப்பல் கம்பெனியை வாங்க வேண்டும்? பனி உறையும் ஆற்றில் கப்பல் எப்படி ஓடுகிறது? இப்போது பனியைவிடப் பெரிய தலைவலியாக எது வந்திருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது எங்கே இருக்கிறது?

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்கள் என்ற பகுதியின் பரப்பு ஏறக்குறைய 13 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள்தொகை 45,000 அளவில்தான். அந்த மக்களும் 33 ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். பல ஊர்களுக்கு வருடம் முழுக்கப் போய்வரக்கூடிய சாலை கிடையாது.

இந்தப் பகுதியின் முதுகெலும்பு மெக்கன்சி ஆறு. கிரேட் ஸ்லேவ் ஏரியில் தொடங்கி, வடக்கு நோக்கி 1,700 கி.மீ.க்கும் மேல் ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான போஃபோர்ட் கடலில் கலக்கிறது. இதன் வடிநிலப் பரப்பு மட்டும் சுமார் 18 லட்சம் சதுர கி.மீ. அதாவது, கனடாவின் மொத்த நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அங்குள்ள டெனே பழங்குடி மக்கள் இதை 'தே சோ' என்று அழைக்கிறார்கள். 'பெரிய ஆறு' என்று பொருள்.

ஏரியின் தென்கரையில் ஹே ரிவர் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. வட அமெரிக்க ரயில் பாதை வலைப்பின்னலின் வடகோடி முனையாக அறியப்பட்ட ஊர் இது. 1960-களில் இங்கே ரயில் பாதை வந்தது. தெற்கிலிருந்து வரும் சரக்கை இங்கே இறக்கி, பார்ஜில் ஏற்றி, ஏரியைக் கடந்து, ஆற்றின் வழியே கடல் வரை கொண்டுபோவதுதான் இந்த நிறுவனத்தின் வேலை. என்டிசிஎல் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நார்தர்ன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி லிமிடெட்தான் பல தலைமுறைகளாக இதைச் செய்துவந்தது. இப்போது மரைன் டிரான்ஸ்போர்ட்டேஷன் சர்வீசஸ், சுருக்கமாக எம்டிஎஸ் என்ற பெயரில் வடமேற்குப் பிரதேச அரசே நடத்துகிறது.

என்ன ஏற்றிப் போகிறார்கள்?

முதலிடம் எரிபொருளுக்கு. ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் இருக்கும் பல ஊர்களில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் இருந்துதான் வருகிறது. மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரி குளிரில் வீட்டைச் சூடாக வைப்பதும் எண்ணெய்தான். ஒரு ஊரின் டீசல் தொட்டி கோடையில் நிரம்பவில்லை என்றால், குளிர்காலத்தில் வெறும் அசௌகரியத்தோடு முடியாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து, எடை அதிகமாக இருப்பதால் விமானத்தில் கொண்டுவரக் கட்டுப்படியாகாத பொருள்கள். கார், பனிச்சறுக்கு வண்டி, சிமென்ட், மரம், இரும்பு, கட்டுமான இயந்திரம், மொத்தமாக வாங்கும் மளிகைச் சாமான் எனப் பட்டியல் நீளும். இதற்கு ஏற்றபடிதான் பார்ஜையும் வடிவமைத்திருக்கிறார்கள். கீழே உள்ள தொட்டிகளில் எரிபொருள், மேலே திறந்த தளத்தில் சரக்கு. ஒரே பயணத்தில் இரண்டும் போய்விடும்.

பெரிய பார்ஜ் ஒன்று சுமார் 1,500 டன் தாங்கும். இதே வேலையை விமானம் செய்தால்? இந்தப் பகுதிகளில் சரக்கு ஏற்றப் பயன்படும் ஹெர்குலிஸ் ரக விமானம் ஒரு நடைக்கு 20 டன் அளவில்தான் கொண்டுபோகும். அப்படியென்றால், ஒரு பார்ஜ் வராமல் போனால் ஈடுகட்ட 75 முறை விமானம் பறக்க வேண்டும். ஒரு இழுவைப் படகு ஒரே நேரத்தில் நான்கு, ஆறு பார்ஜ்களைக்கூடத் தள்ளிக்கொண்டு போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊர்களுக்கு ஆறு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

பனி ஆற்றில் கப்பல் எப்படி ஓடுகிறது?

பலரும் நினைப்பது போல, பனியை உடைத்துக்கொண்டு போகும் ராட்சதக் கப்பல்கள் இல்லை இவை. பனி போகும் வரை காத்திருந்து, பனி திரும்பி வருவதற்குள் வேலையை முடிப்பதுதான் இங்கே கணக்கு. ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கம் வரை, ஏறக்குறைய 4 மாதம். அவ்வளவுதான் சீசன்.

குளிர்காலம் முழுக்க படகுகள் தண்ணீரில் இருப்பதில்லை. ஆறு உறைந்தால் அந்த அழுத்தத்தில் படகின் உடல் நசுங்கிவிடும். அதனால் ஹே ரிவரில் உள்ள கப்பல் பட்டறையில், படகைத் தண்ணீரிலிருந்து அப்படியே மேலே தூக்கி, கரையில் நிறுத்திவிடுவார்கள். பழுதுபார்ப்பு, பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் அந்த மாதங்களில்தான்.

மே மாதம் பனி உடையத் தொடங்கும். இங்கேதான் மெக்கன்சியின் விசித்திரம் இருக்கிறது. இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்கிறது. தெற்கில் முதலில் வெயில் வருகிறது. மேல்பகுதியில் பனி முதலில் உருகுகிறது. ஆனால் கீழ்பகுதியான வடக்கில் ஆறு இன்னும் பாறை மாதிரி உறைந்து கிடக்கும். உருகிய வெள்ளமும் உடைந்த பனிப்பாளங்களும் வந்து அதில் மோதும். பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அணை போலத் தடுத்து நிற்கும். தண்ணீர் கரை தாண்டி ஊருக்குள் புகுந்துவிடும்.

2021 மே மாதம் ஃபோர்ட் சிம்ப்சன் ஊரிலும், 2022 மே மாதம் ஹே ரிவரிலும் இதுதான் நடந்தது. ஹே ரிவரில் ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று.

பனி போனதும் உடனே கிளம்பிவிட முடியாது. உடைந்த பனி ஆற்றின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும். மணல் திட்டுகள் இடம் மாறியிருக்கும். போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் மேடாகியிருக்கலாம். எனவே கனடா கடலோரக் காவல் படையின் 'எக்கலூ', 'டுமிட்' என்ற இரண்டு கப்பல்கள் ஹே ரிவரிலிருந்து கிளம்பி, எந்தப் பக்கம் போனால் ஆழம் இருக்கும் என்பதைக் காட்டும் மிதவைகளை ஆறு நெடுகப் போடும். இந்த மிதவைகளை வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும். ஏனென்றால் குளிர்காலத்துக்கு முன்பு அவற்றை எடுத்தாக வேண்டும். விட்டுவைத்தால் பனி இழுத்துக்கொண்டு போய்விடும்.

தள்ளுவதும் இழுப்பதும்

ஆற்றில் பார்ஜ்களை இழுத்துக்கொண்டு போவதில்லை, தள்ளிக்கொண்டு போகிறார்கள். பார்ஜ்களை இரண்டு வரிசையாகக் கம்பிவடத்தால் இறுகக் கட்டி, பின்னாலிருந்து படகு தள்ளும். மொத்தமும் ஒரே கப்பல் மாதிரி திரும்பும் என்பதால் வளைவுகளில் கட்டுப்படுத்துவது எளிது.

ஆனால் ஏரியிலும் கடலிலும் அலை அடிக்கும்போது இந்தக் கட்டு தாங்காது. அங்கே பார்ஜ்களைப் பிரித்து, நீண்ட வடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுப்பார்கள். கிரேட் ஸ்லேவ் ஏரி அப்படியொன்றும் சின்ன ஏரி இல்லை. அதன் ஆழம் 614 மீட்டர். வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. காற்று அடிக்கத் தொடங்கினால் கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆற்றில் நீரோட்டம் வேகமெடுக்கும் இடங்களும் உண்டு. நார்மன் வெல்ஸுக்குக் கீழே சான் சோல்ட் என்ற இடத்தில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறிப் பாயும். அதைத் தாண்டினால் ஃபோர்ட் குட் ஹோப் அருகே இரு பக்கமும் சுண்ணாம்புக்கல் சுவர்கள் நெருங்கிவரும். இப்படிப்பட்ட இடங்களில் எல்லா பார்ஜ்களையும் ஒரேயடியாகக் கொண்டுபோக முடியாமல் போகும்போது, ஒவ்வொன்றாக அக்கரை சேர்த்து, திரும்பி வந்து அடுத்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். நாள்கள் கரையும். நான்கு மாத சீசனில் ஒவ்வொரு நாளும் காசு.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே டக்டோயாக்டக் என்ற ஊர். ஆற்றில் வந்த பார்ஜ்களை இங்கே கடலுக்கான இழுவைப் படகுகள் வாங்கிக்கொண்டு, கிழக்கே பாலடுக், உலுக்ஹக்டோக், கேம்பிரிட்ஜ் பே என்று கொண்டுபோகும். கடைசி ஊருக்கு சரக்கு போய்ச் சேரும்போது பெரும்பாலும் கோடை முடிந்திருக்கும். ஒரு இடத்தில் தாமதமானால், சங்கிலி போல எல்லா இடத்திலும் தாமதம்தான்.

ரேடியத்தில் தொடங்கிய கதை

இந்த நிறுவனம் பிறந்தது மக்களுக்கு மளிகை கொண்டுபோக அல்ல. 1930-ல் கிரேட் பேர் ஏரிக் கரையில் கில்பர்ட் லபைன் என்பவர் பிட்ச்பிளெண்ட் தாதுவைக் கண்டுபிடித்தார். அன்றைக்குத் தங்கத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்த ரேடியம் அதில் இருந்தது. அங்கே எழுந்த சுரங்கத்துக்குப் பெயரே போர்ட் ரேடியம்.

தாதுவை வெளியே கொண்டுவர ஒரே வழி தண்ணீர். 1930-களின் தொடக்கத்தில் உருவான இந்தப் படகு நிறுவனத்தை, சுரங்கத்தை நடத்திய எல்டொராடோ நிறுவனம் 1936-ல் வாங்கியது. 'ரேடியம் கிங்', 'ரேடியம் குயின்' என்று படகுகளுக்குப் பெயர் வைத்தார்கள். தாது மூட்டைகள் கிரேட் பேர் ஏரி, கிரேட் பேர் ஆறு, மெக்கன்சி, கிரேட் ஸ்லேவ் ஏரி, ஸ்லேவ் ஆறு, அதபாஸ்கா ஆறு என்று 2,000 கி.மீ.க்கும் மேல் பயணித்து ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தன. நடுவில் படகு போக முடியாத இடங்களில் மூட்டைகளை இறக்கி, தரைவழியே கொண்டுபோய், வேறு படகில் ஏற்றினார்கள்.

இரண்டாம் உலகப்போரில் கதை மாறியது. அதே தாதுவில் இருந்த யுரேனியம், அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டமான மன்ஹாட்டன் புராஜெக்ட்டுக்குத் தேவைப்பட்டது. 1944-ல் கனடா அரசு எல்டொராடோவைத் தன் வசம் எடுத்துக்கொண்டது; படகு நிறுவனமும் அதோடு சேர்ந்து அரசுக்குப் போனது.

இந்தப் பாதையில் மூட்டை சுமந்தவர்களில் சாஹ்து டெனே பழங்குடி ஆண்களும் இருந்தார்கள். அந்த மூட்டைகளில் இருப்பது என்ன, அதனால் உடலுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அந்த மக்களின் நீண்டகாலக் குமுறல். 1998-ல் டெலினே ஊரைச் சேர்ந்த ஒரு குழு ஹிரோஷிமாவுக்கே போய், தங்கள் மண்ணிலிருந்து போன தாதுவுக்காக அங்குள்ள மக்களிடம் வருத்தம் தெரிவித்தது.

1950-களில் அமெரிக்காவும் கனடாவும் சோவியத் விமானங்களைக் கண்காணிக்க ஆர்க்டிக் கரை நெடுக ரேடார் நிலையங்கள் கட்டியபோது, மேற்குப் பகுதிக்கான சாமான்களில் பெரும்பங்கு இந்த ஆற்று வழியேதான் போனது. 1970-களில் போஃபோர்ட் கடலில் எண்ணெய் தேடும் பரபரப்பு. சுரங்கம், ராணுவம், எண்ணெய் என்று ஒன்று போனால் இன்னொன்று வந்து இந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. ஊர் மக்களுக்கான சரக்கு அதோடு ஒட்டிக்கொண்டு போனது.

நஷ்டம் எப்படி வந்தது?

1985-ல் கனடா அரசு என்டிசிஎல்லை விற்றது. வாங்கியவர்கள் இனுவியாலுயிட், நுனாவுட் இன்யூட் மக்களின் வளர்ச்சி நிறுவனங்கள். அதாவது, எந்த மக்களுக்குச் சரக்கு போகிறதோ அவர்களே முதலாளிகள் ஆனார்கள். வடக்கின் பழங்குடி மக்களுக்கு இது பெருமையான தருணம்.

ஆனால் வியாபாரக் கணக்கு எப்போதுமே இறுக்கம். நான்கு மாதம் வருமானம். பன்னிரண்டு மாதம் செலவு. போகும்போது பார்ஜ் நிறைய சரக்கு. திரும்பும்போது பெரும்பாலும் காலி. இரண்டு பக்கச் செலவையும் ஒரு பக்க வாடகையில் எடுக்க வேண்டும். ஊர்களோ சின்னவை. 300 பேர் அளவில் வாழும் பாலடுக்குக்குப் பார்ஜ் போவதற்கும், ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊருக்குப் போவதற்கும் எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பெரிய ஆர்டர்கள்தான். அது வற்றியது. மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் வரும், பெரிய வேலை வரும் என்று பல பத்தாண்டுகள் வடக்கே காத்திருந்தது. 2011-ல் அனுமதிகூடக் கிடைத்தது. எரிவாயு விலை சரிந்ததால் 2017-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

என்டிசிஎல் அதுவரைகூடத் தாங்கவில்லை. 2016 ஏப்ரலில், கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்தை நாடியது. வடமேற்குப் பிரதேச அரசுக்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று, சந்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது. இன்னொன்று, தானே இறங்குவது. யாரும் வராவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் டீசல் இல்லாத ஊர்களுக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் படகுகள், பார்ஜ்கள், ஹே ரிவர் பட்டறை உள்ளிட்ட சொத்துகளை 75 லட்சம் கனடா டாலருக்கு அரசு வாங்கியது. எம்டிஎஸ் பிறந்தது இப்படித்தான்.

வெப்பமாகிறதே, பனி குறையத்தானே வேண்டும்?

2018-ல் மூன்று ஊர்களுக்குச் சரக்கு போகாதபோது பலர் கேட்ட கேள்வி இது. பூமி சூடாகிறது, ஆர்க்டிக் பனி உருகுகிறது என்கிறார்கள். அப்படின்னா கப்பல் போவது எளிதாகத்தானே வேண்டும்?

நேர் பதில்: மொத்தப் பனி குறைகிறது, ஆனால் பனி நகர்வது கூடுகிறது. முன்பு வடக்கே தீவுகளுக்கு நடுவில் அசையாமல் இறுகிக் கிடந்த பழைய தடித்த பனி, இப்போது இளகி உடைந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசையில் தெற்கே இறங்குகிறது. குறுகலான கடல் கால்வாய்களில் வந்து அடைத்துக்கொள்கிறது. சராசரி குறைவு என்பதால், குறிப்பிட்ட ஒரு வாரத்தில், குறிப்பிட்ட ஒரு வழியில் பனி இருக்காது என்று அர்த்தமில்லை. பார்ஜுக்குத் தேவை சராசரி இல்லை. அந்த ஒரு வாரம் வழி திறந்திருப்பது.

2018-ல் எரிபொருள் வந்துசேர்வதிலும் தாமதம் ஏற்பட்டு, பயணங்கள் சீசனின் கடைசிக்குத் தள்ளிப்போயிருந்தன. அந்த நேரத்தில் பனியும் வழியை அடைக்க, மாற்றுத் திட்டத்துக்கு நாளே மிச்சமில்லை. கடைசியில் அவசியமான பொருள்களையும் பாலடுக்குக்கான எரிபொருளையும் விமானத்தில் கொண்டுபோனார்கள். வண்டிக்காகவும் வீட்டுச் சாமானுக்காகவும் காத்திருந்த பலருக்குக் கோபம் தணியவில்லை. தனியார் கம்பெனி என்றால் நஷ்டஈடு கேட்கலாம், வேறு கம்பெனிக்குப் போகலாம். அரசே கப்பல் கம்பெனி என்றால், கேள்வி தேர்தல் மேடைக்கும் சட்டமன்றத்துக்கும் போகிறது.

இப்போது பிரச்சினை பனி இல்லை, தண்ணீர்

அடுத்த அடி யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. 2023-ல் மெக்கன்சி வடிநிலத்தில் கடும் வறட்சி. மே மாதத்திலும் ஆகஸ்டிலும் காட்டுத்தீ காரணமாக ஹே ரிவரை இரண்டு முறை காலி செய்தார்கள். அதாவது கப்பல் சீசனின் நடுவில், சரக்கு ஏற்றும் துறைமுக ஊரிலேயே ஆள் இல்லை. பக்கத்தில் இருந்த என்டர்பிரைஸ் என்ற சிற்றூர் ஏறக்குறைய முழுவதுமாக எரிந்துபோனது.

2024-ல் கிரேட் ஸ்லேவ் ஏரியின் நீர்மட்டம், பதிவு செய்யப்பட்ட காலத்திலேயே மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. ஏரி இறங்கினால் ஆறும் இறங்கும். ஆழம் குறைவான இடங்களில் பார்ஜ் தரைதட்டும். பாறையில் உரசி எரிபொருள் தொட்டி கிழிந்தால் ஆறே நாசம். துலிடா, நார்மன் வெல்ஸ் போன்ற ஊர்களுக்கான பயணங்களை எம்டிஎஸ் ரத்து செய்தது. எரிபொருள் விமானத்தில் போனது. விமானச் செலவு விலையில் ஏறியது. வருட இறுதியில் நார்மன் வெல்ஸ் நகர நிர்வாகம், எரிபொருள் விலையைக் காரணம் காட்டி உள்ளூர் அவசரநிலையையே அறிவித்தது.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. நார்மன் வெல்ஸ் என்ற ஊர் உருவானதே எண்ணெய்க் கிணறுகளால்தான். நூறு வருடம் முன்பு அங்கே எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1985-ல் குழாய் வழியாக அந்த எண்ணெய் தெற்கே போகத் தொடங்கியது. ஆனால் அங்கே இப்போது சுத்திகரிப்பு ஆலை இல்லை. மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கும் ஊரே, வீட்டைச் சூடேற்ற எண்ணெய்க்காகப் படகையும் விமானத்தையும் எதிர்பார்த்து நிற்கிறது.

இயற்கை ஒரு பக்கம் இருக்க, மனிதர் செய்யாமல் விட்ட வேலையும் உண்டு. ஹே ரிவர் துறைமுகத்தில் சேரும் வண்டலை முன்பெல்லாம் தொடர்ந்து தூர்வாரினார்கள். 1990-களில் மத்திய அரசு அதை நிறுத்திக்கொண்டது. வண்டல் சேரச் சேர, துறைமுக வாயிலே மேடாகிவிட்டது. தண்ணீர் நிறைய இருந்த வருடங்களில் இது பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர் குறைந்தபோதுதான், விட்டுப்போன வேலையின் விலை தெரிந்தது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வானிலையின் கையில்தான் இருக்கிறது.

*பனிச்சாலை:* குளிர்காலத்தில் ஆறும் சதுப்பும் உறைந்ததும், அதன் மேலேயே சாலை போட்டு லாரி ஓட்டுகிறார்கள். ரிக்லி என்ற ஊர் வரை வருடம் முழுக்க ஓடும் நெடுஞ்சாலை இருக்கிறது. அங்கிருந்து ஃபோர்ட் குட் ஹோப் வரை பனிச்சாலைதான். குளிர்காலம் இளகினால் சாலை தாமதமாகத் திறந்து, சீக்கிரம் மூடும். எடை தாங்கும் அளவு உறையாவிட்டால் எரிபொருள் லாரி போக முடியாது.

*நிரந்தர சாலை:* இனுவிக்கிலிருந்து டக்டோயாக்டக்குக்கு 2017 நவம்பரில் நிரந்தர சாலை திறக்கப்பட்டது. அதனால் சில சரக்குகளைத் தெற்கிலிருந்து லாரியிலேயே கடற்கரை வரை கொண்டுவந்து, அங்கிருந்து பார்ஜில் ஏற்ற முடிகிறது. ஆற்றை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கடலில் பனி அடைத்தால் அப்போதும் சிக்கல்தான். ரிக்லியிலிருந்து நார்மன் வெல்ஸ் வரை 300 கி.மீ.க்கும் மேல் நெடுஞ்சாலை போடும் திட்டம் பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண் இப்போது இளகுவதால், அதன் மேல் சாலை போடுவதும் பராமரிப்பதும் செலவு பிடித்த வேலை. காரிபூ மான் கூட்டங்களுக்கு என்ன ஆகும் என்ற கவலையும் பழங்குடி மக்களிடம் இருக்கிறது.

*விமானம்:* எப்போதும் கடைசி வழி. 75 நடை கணக்கை மேலே பார்த்தோம்.

பனி உறையவும் வேண்டும், உருகவும் வேண்டும்

தூரத்திலிருந்து பார்க்கும்போது, இந்த மக்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் பனிதான் எதிரி என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. குளிர்காலத்தில் ஆறு நன்றாக உறைந்தால்தான் லாரி போகும். கோடையில் முழுவதுமாக உருகி, ஆறு நிறைய தண்ணீர் வந்தால்தான் பார்ஜ் போகும். அரைகுறையாக உறைவதும், குறைவாக ஓடுவதும்தான் ஆபத்து. பனிக்காலம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது ஓரளவு தெரிந்த கணக்காக இருந்த வரை, 4 மாத வேலையை வைத்து 12 மாத வாழ்க்கையை ஓட்ட முடிந்தது. அந்தக் கணக்குதான் இப்போது பிசகுகிறது.

ரேடியம் வந்தபோதும், ரேடார் நிலையம் வந்தபோதும், எண்ணெய் தேட வந்தபோதும் இந்த ஆற்றில் படகு விட ஆள் இருந்தது, பணம் இருந்தது. இப்போது எஞ்சியிருப்பது சில நூறு பேர் வாழும் ஊர்களும் அவற்றின் டீசல் தொட்டிகளும்தான். அதில் லாபம் இல்லை என்பது 2016-லேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் இது கம்பெனிக் கணக்கிலிருந்து, குடிதண்ணீர், சாலை, ஆஸ்பத்திரி மாதிரி அரசின் பொறுப்புக் கணக்குக்கு மாறியிருக்கிறது. நஷ்டம் என்றாலும் நடத்தத்தான் வேண்டும். அந்தச் செலவை யார், எவ்வளவு காலம் ஏற்பது என்பதுதான் வடக்கில் இப்போது நடக்கும் விவாதம்.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் வந்தால் ஹே ரிவர் பட்டறையில் படகுகளை இறக்கத் தயாராவார்கள். முன்பெல்லாம் அப்போது எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான்: ஏரியில் பனி எப்போது விலகும்? இப்போது அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது: பனி விலகிய பிறகு, படகு மிதக்கத் தண்ணீர் இருக்குமா?